மானியம் பட்டாவைத் தேடி வரும்: வருசநாட்டுச் சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மூல வைகை இறங்கி வரும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் இலவம், முந்திரி, எலுமிச்சை, தென்னை, அவரை என்று பல பயிர்கள் உண்டு. பெரும்பாலும் சிறு விவசாயிகளே. இங்கே அடுத்தடுத்த இரண்டு புஞ்சைகளில் ஒரே பயிரை வைத்திருக்கும் இருவரில் ஒருவருக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை ரூ.2,000 வங்கியில் வரவாகிறது. மற்றவருக்கு ஒரு காசும் வருவதில்லை. சொட்டு நீர் குழாயும் அப்படித்தான். ஒருவருக்கு முழு மானியத்தில் போட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்தவர் கைக்காசு போட்டு வாங்குகிறார். வராதவர் ஆபீசில் பாரபட்சம் நடக்கிறது என்று நினைக்கிறார். சில இடங்களில் அதுவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான மனுக்கள் நின்று போவது வேறொரு காரணத்தால்: அரசுப் பணம் நிலத்தை உழுகிறவரைப் பார்த்து வருவதில்லை, நிலக் கணக்கில் இருக்கும் பெயரைப் பார்த்து வருகிறது.

இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால், எந்த மேஜைக்கு எந்தக் காகிதத்தோடு போவது என்பது தெளிவாகும். ஆண்டிபட்டி தாலுகா ஆபீசுக்கு ஒரு தடவை போய் வந்தாலே மலையடிவாரத்து விவசாயிக்கு ஒரு நாள் வேலை கெடும், பஸ் செலவும் ஆகும். வீண் அலைச்சலைக் குறைப்பது அதனால் சின்ன விஷயம் அல்ல.

ரூ.6,000 யாருக்கு?

முதலில் பி.எம். கிசான் எனப்படும் பிரதம மந்திரி விவசாயிகள் நிதியுதவித் திட்டத்தைப் பார்க்கலாம். 2019 பிப்ரவரி 24 அன்று இத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 2018 டிசம்பர் 1 முதல் கணக்கிட்டுப் பணம் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணை. ஆரம்பத்தில் 2 ஹெக்டேர், அதாவது சுமார் ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2019 ஜூன் முதல் நில அளவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 21-வது தவணை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் நடந்த விழாவில் விடுவிக்கப்பட்டது. ஆக, தொடக்கம் முதல் தவறாமல் பெற்ற குடும்பத்துக்கு அதுவரை ரூ.42,000 வந்திருக்கும். பெயர் விட்டுப்போன குடும்பத்துக்கு அவ்வளவும் நட்டம்.

"நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பம்" என்பதே இத்திட்டத்தின் அடிப்படை. இதில் 'நிலம் வைத்திருக்கும்' என்ற சொல்லும், 'குடும்பம்' என்ற சொல்லும் இரண்டுமே சிக்கலானவை.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அவ்வளவுதான். கணவன் பெயரில் இரண்டு ஏக்கர், மனைவி பெயரில் ஒரு ஏக்கர் என்று தனித்தனிப் பட்டா இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு உதவித்தொகைதான். இருவரும் வாங்கி வந்தால் ஒருவருடையது நிறுத்தப்படும். வாங்கியதைத் திருப்பிக் கேட்கவும் செய்வார்கள். மாறாக, கலியாணமாகித் தனிக் குடும்பம் நடத்தும் அண்ணன் தம்பி மூவரின் பெயரும் ஒரே பட்டாவில் இருந்தால் மூன்று குடும்பத்துக்கும் தனித்தனியே ரூ.6,000 உண்டு. கூட்டுப் பட்டா என்பதால் பணம் வராது என்று பலர் எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அது தவறு. கூட்டாக இருப்பது தடை அல்ல. அந்தக் கூட்டில் பெயர் இல்லாமலிருப்பதே தடை.

மகன் போலீஸ் வேலையில் இருக்கிறான், அதனால் தகப்பனுக்குக் கிடைக்காது என்று சொல்வதும் சரியல்ல. வயதுக்கு வந்த மகன் இந்தக் கணக்கில் தனிக் குடும்பம். ஆனால் கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், நிலம் மனைவி பெயரில் என்றால் அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. பணியில் உள்ள அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் (கடைநிலை ஊழியர் நீங்கலாக), மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியவர்கள், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், ஆடிட்டர் போன்றோர் தகுதியற்றவர்கள்.

இனி 'நிலம்'. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்களையே கணக்கில் எடுக்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கிரயம் வாங்கினவருக்கு, பத்திரமும் பட்டாவும் சுத்தமாக இருந்தாலும், இந்த உதவித்தொகை கிடைக்காது. அண்ணனிடமிருந்து தம்பிக்கு எழுதிக் கொடுத்த தான செட்டில்மென்டும் இதே கதிதான். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: நில உடைமையாளர் இறந்து, வாரிசுக்கு நிலம் வந்தது என்றால் வாரிசு தகுதி பெறுவார். 2021-ல் இரண்டு ஏக்கர் கிரயம் செய்துவிட்டு மூன்று வருடமாக மனு மேல் மனு போடுகிறவருக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் பஸ் சார்ஜாவது மிச்சமாகியிருக்கும்.

இறந்த தாத்தா பெயரில் பட்டா

வருசநாட்டுப் பக்கம் இந்தப் பிரச்னை மற்ற இடங்களைவிட ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதற்கு ஊர்க் கதையே காரணம் சொல்லும். கண்டமனூர் ஜமீன் பெயர் இந்த வட்டாரத்தோடு சேர்ந்தே பேசப்படுவது. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் போய், சாகுபடி செய்தவர்களுக்கு ரயத்துவாரி முறையில் பட்டா கொடுக்கும் வேலை நடந்தது. பின்னர் 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, மாநிலம் முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். வேலை நடந்தது. அப்போது யார் அனுபவத்தில் நிலம் இருந்தது என்று நேரில் பார்த்துப் பெயர் எழுதினார்கள். ஊரில் இல்லாதவர் பெயர் விட்டுப்போனது, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியது, விஸ்தீரணம் குறைந்தது என்று அப்போது புகுந்த பிழைகள் இன்னும் பல பட்டாக்களில் நீடிக்கின்றன. 1996-ல் மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தது. பழைய பத்திரத்தில் 'மதுரை மாவட்டம்' என்றிருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. சர்வே எண்ணும் கிராமமும் பொருந்தினால் போதும்.

இதற்கெல்லாம் மேலாக, வீட்டுக்குள் நடக்கும் பாகப்பிரிவினை. தாத்தா இறந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். பிள்ளைகள் வாய்மொழியாக வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். சண்டை சச்சரவு கிடையாது. எல்லாம் நல்லபடியாகவே நடக்கும். ஆனால் பட்டா தாத்தா பெயரிலேயே நிற்கும். கணக்குப்படி அந்த நிலத்துக்கு உரியவர் இறந்துபோனவர். உழுகிற பேரன் யாருமே அல்ல. இந்த நிலையில் அவருக்கு உதவித்தொகை, சொட்டு நீர், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் எதுவுமே கேட்க முடியாது. ஒற்றுமையாக இருக்கும் குடும்பங்களே இதில் அதிகம் ஏமாறுகின்றன என்பது வேடிக்கை. சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்கள் எப்படியோ காகிதத்தைச் சரி செய்துகொண்டார்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் உங்கள் சர்வே எண்ணைக் கொண்டு அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, சிட்டா நகலை எடுத்துப் பார்க்க வேண்டும். கையில் உள்ள பழைய பட்டா புத்தகத்தை நம்பக் கூடாது. கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதுவே செல்லும். செல்போன் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் எடுக்கலாம். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம் ஐந்தையும் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் வேறு பெயர் என்றிருந்தாலும் சிக்கல் வரும். தென் மாவட்டங்களில் வீட்டுப் பெயர், பள்ளிக்கூடப் பெயர் என்று இரண்டு பெயர் சகஜம். எழுத்து ஒன்றிரண்டு மாறியிருப்பது வேறு. பெயரே வேறாக இருப்பது வேறு. பின்னதற்குத் திருத்தம் அவசியம்.

பட்டாதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்று, சொத்துக்கான மூலப் பத்திரம் இவற்றோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்பைப் பதிவு செய்யாமல் விட்ட பழைய சாவுகளுக்கு முதலில் அந்தப் பதிவையே வாங்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் காலம் பிடிக்கும் என்பதால் அதை முதல் வேலையாகத் தொடங்குவது நல்லது. எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றுவதற்கு நிலத்தை அளக்க வேண்டியதில்லை. ஆளுக்குத் தனிப் பட்டா வேண்டுமென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு செய்ய வேண்டும். பணமும் நாளும் கூடுதலாகும். உதவித்தொகைக்கு மட்டும் என்றால் முதல் வழியே போதுமானது. வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சகோதரிகளின் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வாங்கப் பார்ப்பதுண்டு. அது சட்டத்துக்கும் பொருந்தாது, பின்னால் ஆட்சேபம் வந்து பட்டாவே ரத்தாகும்.

யு.டி.ஆர். காலத்துப் பிழை என்றால் தாசில்தார் மூலம் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தி இதற்கு நல்ல சந்தர்ப்பம். அந்தந்த பிர்க்காவுக்கு என்று நாள் ஒதுக்குவார்கள். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று மேஜையில் இருக்கும்.

பதிவு இருக்கிறது, பணம் இல்லை

பட்டா சரி, பதிவும் செய்தாயிற்று; சில தவணை வந்து நின்றுவிட்டது என்று சொல்வோர் ஒரு ரகம். இவர்களுக்கு மூன்று இடங்களில் கோளாறு இருக்கலாம். ஒன்று, இ-கே.ஒய்.சி. எனப்படும் ஆதார் சரிபார்ப்பு. ஆதாரோடு இணைத்த செல்போன் எண் கையில் இருந்தால் ஓ.டி.பி. மூலம் வீட்டிலேயே செய்யலாம். இல்லாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் வசதி 2023 முதல் அத்திட்டத்தின் செயலியில் உள்ளது. இரண்டாவது, நில விவரம் இணைக்கப்படாதிருப்பது. இதை வேளாண்மைத் துறை, வருவாய்த் துறை அலுவலர்களே செய்து கொடுக்க வேண்டும். சிட்டா நகலோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கலாம்.

மூன்றாவது வங்கி. ஆதார் ஜெராக்ஸை வங்கியில் கொடுத்துவிட்டேன் என்று பலர் சொல்வார்கள். அது கணக்குக்கு அடையாளச் சான்று மட்டுமே. அரசுப் பணம் நேரே வந்து விழ, "நேரடி மானியம் பெற ஆதாரை இணைக்கவும்" என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குத்தான் இப்படி இணைந்திருக்கும். கடைசியாக எதை இணைத்தார்களோ அதற்கே பணம் போகும். நூறு நாள் வேலைக்கென்று ஒரு கணக்கு, மகளிர் குழுவுக்கு ஒன்று, தபால் ஆபீசில் ஒன்று என்று வைத்திருப்போர் 'பணம் வரவில்லை' என்று புகார் சொல்லிக்கொண்டிருக்க, பணம் மறந்துபோன கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். புகார் எழுதும் முன் எல்லாப் பாஸ்புத்தகத்திலும் வரவு போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்று காரணங்களால் நிறுத்தி வைத்த தவணைகள், கோளாறு நீங்கியதும் சேர்ந்து வரும். ஆனால் புதிதாகப் பதிகிறவருக்குப் பதிந்த தவணையிலிருந்துதான் கணக்கு. பழைய பாக்கி கிடையாது. தள்ளிப் போடுவதில் நட்டம் என்பது இதனால்தான்.

2025 தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுத்து வருகிறார்கள். ஆதாரையும் செல்போன் எண்ணையும் நில விவரத்தோடு இணைக்கும் பதிவு இது. புதிய பதிவுக்கு இந்த எண் தேவைப்படும். இந்தப் பதிவும் பட்டாவிலுள்ள பெயரை வைத்தே நடப்பதால், பட்டா சரியில்லாதவர் இங்கும் நின்றுவிடுவார். மறுபடியும் அதே வாசல்படி.

இடைத்தரகர் விஷயத்தில் மிகவும் எச்சரிக்கை வேண்டும். 2020 ஆகஸ்டில் இத்திட்டத்தில் தமிழ்நாட்டில் பெரிய முறைகேடு வெளிப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களைக் கமிஷன் வாங்கிக்கொண்டு சேர்த்திருந்தார்கள். தகுதியற்றவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்றும் தொகை சுமார் ரூ.110 கோடி என்றும் அரசு அறிவித்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. சேர்த்துவிட்டவர்களில் சிலர் கைதானார்கள் என்றாலும், பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது யார் கணக்கில் பணம் விழுந்ததோ அந்தக் கூலி ஏழைகளே. அண்மை ஆண்டுகளில், உதவித்தொகைப் பட்டியல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்பி, அதைத் தொட்டவுடன் வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடியும் நடக்கிறது. அத்தகைய செய்திகளைத் திறக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் 155261 என்ற உதவி எண்ணில் கேட்கலாம்.

குழாய் மானியம்

ரூ.6,000-ஐ விடப் பெரிய பணம் சொட்டு நீர்ப் பாசனத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். கிணற்றுத் தண்ணீரை நம்பி எலுமிச்சையும் தென்னையும் வைத்திருக்கும் வருசநாட்டுக்காரருக்கு இது பெரிய உதவி. கோடையில் மூல வைகை வறண்டால் கிணறும் கூடவே இறங்கிவிடும் பகுதி இது.

இதில் பணம் விவசாயியின் கைக்கு வருவதில்லை; குழாய் அமைத்த கம்பெனிக்குப் போகிறது. 100 சதவீதம் என்பதும் அரசு நிர்ணயித்த அலகுச் செலவுக்குள் மட்டுமே. அதற்கு மேல் ஆகும் தொகையை விவசாயி தர வேண்டும். எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன், கூடுதலாக என்ன செலவு, எத்தனை மீட்டர் குழாய், வடிகட்டி என்ன ரகம் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. போட்ட நிலத்துக்கே மறுபடி மானியம் வேண்டுமானால் ஏழு ஆண்டு கழிய வேண்டும். தரமில்லாத குழாயை எலி கடித்து, உப்பு அடைத்து இரண்டு வருடத்தில் தூக்கிப் போட்டவர்கள் மீதி ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதுதான். சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று ஆகியவை தேவை. தாத்தா பெயரில் பட்டா வைத்திருப்பவருக்குச் சிறு விவசாயி சான்றே கிடைக்காது.

பட்டாவே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது, நிலம் கணக்கில் இருந்து பெயர் மட்டும் மாறாதவர்களுக்கு. வருசநாட்டில் இன்னொரு பகுதியினர் உண்டு. வன எல்லையை ஒட்டியும் அதற்குள்ளும் உள்ள குடியிருப்புகளில் நெடுங்காலமாகச் சாகுபடி செய்துவரும் குடும்பங்கள். இலவ மரம் நட்டு வளர்த்து, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, பேரன் பேத்தி எடுத்தவர்களும் இதில் இருக்கிறார்கள். இவர்களுக்கும் வனத்துறைக்கும் உள்ள வழக்கு பழையது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வன நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முடியாது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பின் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. தாசில்தார் மனசு வைத்தால் பட்டா கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பக் கூடாது. வன நிலத்துக்குப் பட்டா கொடுக்கும் அதிகாரம் தாசில்தாருக்கு இல்லை.

சட்டத்தில் திறந்திருக்கும் கதவு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் உரிமைச் சான்று வழங்குவதற்கு 2008 முதல் நீதிமன்றத் தடை இருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. பழங்குடியினர், உதாரணமாக இம்மலைப் பகுதியின் பளியர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து நிலத்தை அனுபவித்து வந்தால், 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை கோரலாம். பழங்குடி அல்லாதவர்கள் அதே தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930-க்குப் போகிறது. அதற்குப் பிறகு கீழிருந்து மேலேறிக் குடியமர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

கோரிக்கை கிராம சபைக்குத்தான் முதலில் போக வேண்டும். அங்கே அமைந்த வன உரிமைக் குழு விசாரித்து, கோட்ட அளவிலான குழுவுக்கும் அதன் பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் அனுப்பும். கிடைக்கும் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. இந்த உரிமைச் சான்று பெற்றவர்களை நிலம் உடையவர்களாகவே பி.எம். கிசானில் ஏற்கிறார்கள். சான்று வாங்கிய பழங்குடிக் குடும்பங்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் வேளாண்மை ஆபீசில் காட்டிப் பதிய வேண்டும்.

அரசுப் புறம்போக்கில் பயிர் செய்து 'பி மெமோ' வாங்கியிருப்பவர்கள் அதையே பட்டாவுக்குச் சமமாக நினைப்பதுண்டு. பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்கான அபராத நோட்டீஸ். அனுபவத்துக்கு ஒரு சாட்சியாக உதவலாம், உதவித்தொகைக்கு உதவாது.

குத்தகைக்காரர் நிலையும் இதை ஒட்டியதே. வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிர் செய்பவருக்கு ரூ.6,000 கிடையாது; அது நிலத்துக்காரருக்குப் போகிறது. 1969-ஆம் ஆண்டே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. தாசில்தாரிடம் குத்தகையைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகையில் பதிவு என்று வாயெடுத்தாலே அடுத்த வருடம் நிலம் கிடைக்காது என்ற பயம் இருக்கிறது. நிலத்துக்காரருக்கு நிலம் போய்விடும் என்ற பயம். ஆகவே சட்டம் புத்தகத்தில் இருக்கிறது.

மற்ற மாநிலங்களில் இதற்கு வேறு வேறு வழி செய்து பார்த்தார்கள். தெலங்கானா 2018-ல் தொடங்கிய ரைது பந்து திட்டத்தில் ஏக்கருக்குப் பருவத்துக்கு ரூ.4,000, பின்னர் ரூ.5,000 கொடுத்தது. அதுவும் பட்டாதாரருக்கே; நிலம் அதிகமுள்ளவருக்கு அதிகப் பணம், குத்தகைக்காரருக்கு ஒன்றுமில்லை. ஒடிசா 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டம் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்து, ஆடு கோழி வளர்க்க ரூ.12,500 கொடுப்பதாகச் சொன்னது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுங்கூட ஏக்கர் கணக்கில் மானியம் கொடுப்பதால் பெரிய பண்ணைகளுக்கே பெரும் பங்கு போகிறது என்ற குறை வெகுகாலமாக உண்டு. இங்கே ரூ.6,000 என்று ஒரே அளவாக வைத்ததில் அந்தக் குறை இல்லை. அரை ஏக்கருக்கும் பத்து ஏக்கருக்கும் ஒரே தொகை. ஆனால் 2019-ல் வைத்த தொகை மாதத்துக்கு ரூ.500 என்றுதான் ஆகிறது. நாடாளுமன்ற வேளாண்மை நிலைக்குழு 2024 டிசம்பரில் இதை ரூ.12,000 ஆக்க வேண்டும் என்றும், குத்தகை விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் இத்தகைய உதவியை நீட்டிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

பட்டா இல்லாதவர்களுக்கு எதுவுமே இல்லையா என்றால், சில உண்டு. உர மானியம் மூட்டையின் விலைக்குள்ளேயே இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50-க்குக் கிடைப்பது அதனால்தான். கடையில் ஆதார் எண்ணும் கைரேகையும் போதும், பட்டா கேட்கக் கூடாது. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். அறிவிக்கை செய்யப்பட்ட பயிராக இருக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் வேண்டும். இங்கே அடங்கலின் முக்கியத்தைக் கவனிக்க வேண்டும். பட்டா நிலம் யாருடையது என்று சொல்கிறது. அடங்கல் அதில் என்ன பயிர் இருக்கிறது என்று சொல்கிறது. மழை வெள்ளத்தில் சேதமானாலும் காப்பீடு கேட்டாலும் அந்தப் பருவத்தின் அடங்கலில் பயிர் ஏறியிருந்தால்தான் பேச்சு. விதைத்த பதினைந்து இருபது நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அவரை என்றால் அவரை, தக்காளி என்றால் தக்காளி என்று எழுத வைக்க வேண்டும். பழைய வருடத்துப் பயிரையே மறுபடி எழுதிவிடுவதும் நடக்கிறது.

நிலம் இல்லாதவர்கள் ஐந்து பத்துப் பேராகச் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து வங்கியில் கடன் கேட்கலாம். ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதால் நில ஆவணத்தை ஈடாகக் கேட்பதில்லை. குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டியிருக்கும்.

எந்த ஆபீசில் எந்த மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. பட்டா மாறுதல் விண்ணப்பத்துக்கு ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணை வைத்து மனு எந்த மேஜையில் நிற்கிறது என்று இணையதளத்திலேயே பார்க்கலாம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஜமாபந்தி நாளைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டியிருப்பார்கள். பத்திர நகல், சிட்டா நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இவற்றை இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு, ஆண்டிபட்டி போகும் முதல் பஸ்ஸில் கிளம்பினால் கூட்டம் சேரும் முன் மனுவைக் கொடுத்துவிடலாம்.